சென்றவரும் நின்றவரும்

இங்கிலாந்து தேசத்து நியூகாஸில் காற்பந்துக் கழகத்தைத் தொலைவிலிருந்தே நேசிக்கும் நாங்கள், கோடைதோறும் ஒருங்கு கூடி, கழகத்திற்கு வருபவர் யார், பிரிபவர் யார் என வாதிடுவது வழக்கம். 2025-ஆம் ஆண்டில் அவ்வாதம் துயரமாய் முடிந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் லீக் கோப்பை இறுதியாட்டத்திலே லிவர்பூலுக்கு எதிராகக் கோல் அடித்து, எங்கள் 70 ஆண்டு ஏக்கத்தைத் தீர்த்த அலெக்ஸாண்டர் இசாக், கோடையிறுதியில் அந்த லிவர்பூலுக்கே 12½ கோடி பவுனுக்குச் சென்றனர். அது தொழிலின் இயல்பு, குறைகூறோம்.

நியூகாஸிலிற் பிறந்த ஆலன் ஷியரரோ, 1996-இல் 1½ கோடி பவுனுக்குத் தம்மூர்க் கழகத்தை அடைந்து, 10 ஆண்டுகளில் 206 கோல்கள் அடித்தும், கோப்பை ஒன்றேனும் பெற்றாரில்லை. ஆயினும் அவர் உருவச்சிலை 2016 முதல் மைதானத்தருகே நிற்கின்றது. கோப்பை தந்தவரை மறவோம். உடனின்று தோற்றவரையே எம்மவர் என்போம்.