மஸ்கெலியாக் கரையில் இரண்டு இரவுகள்

கூடாரம் அடித்துத் தங்கலாம் என்றதும் எங்கள் ஆறு பேரில் ஓர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காசு குடுத்துத் தறப்பாளுக்குள்ள படுக்கவோ?" என்றார். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் மாதக்கணக்காகக் கிடந்தவர் அப்படிக் கேட்டதில் பிழை என்ன, சகோதரிகளே? ஆனாலும் எங்களோடு வந்தார்.

2024 மார்ச் மாதம் அது. கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு பஸ், அங்கிருந்து ரயிலில் ஹட்டன். பின்பு நோர்வூட் வழியாக மஸ்கெலியா. வளைவுக்கு வளைவு தேயிலை. மலைகளிலிருந்து இறங்கும் மஸ்கெலியா ஓயாவை மவுசாக்கலை அணை மறித்திருக்கிறது. அணையைத் தாண்டிய ஆறு கீழே கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்பில் கடலைச் சேர்கிறது. நாங்கள் தோட்டத்தில் அனுமதி கேட்டு, நீரேந்துப் பகுதியின் மேட்டில், சவுக்கு மரங்களின் கீழ் மூன்று கூடாரங்களை அடித்தோம். வாடகைக்கு எடுத்தவை. பத்து நிமிடத்தில் நிமிர்ந்து நின்றன. தடி வெட்டி, கயிறு தேடி, மழைக்கு முன் தறப்பாள் கட்டிய கைகளுக்கு இது விளையாட்டு.

அங்கே வேலை எதுவும் இல்லை. அதுதான் சுகம். மூன்று கல் வைத்து அடுப்பு, சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல். சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டித் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தோம். யாருக்கும் நிவாரண அட்டை காட்டத் தேவையில்லை, வரிசை இல்லை.

மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த தோட்டத்துப் பெண்கள் எங்களைப் பார்த்து நின்றார்கள். "எங்கிட்டிருந்து வாறீங்க? குளிருமே, லயத்துக்கு வந்து படுங்க" என்றார் ஒருவர். அவர்தான் தண்ணீருக்குள் கிடக்கும் ஊரைப் பற்றிச் சொன்னார். 1969இல் அணை கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிவிட்டது. கடை, தெரு எல்லாம் உயரத்துக்கு மாறின. வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். "எங்க ஆத்தா அந்தக் கோயில்ல தான் கும்பிட்டாங்களாம்" என்றார். 1977 கலவரத்துக்குப் பின் தன் பெரியம்மா குடும்பம் வவுனியாப் பக்கம் போய்விட்டதாம். பிறகு தொடர்பு இல்லை. எந்தக் கிராமம் என்று அக்கா பலமுறை விசாரித்தார். தெரியவில்லை.

அந்த ஆண்டு மார்ச்சில் அவர்களுக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா. 2021இல் தீர்மானிக்கப்பட்டது. செப்டெம்பரில் 1,350 ஆனது. பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை குறைந்தால் முழுப் பெயர் விழாது. எங்கள் பெண்கள் தையல் கூலி என்று சொல்ல, அவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். துயரம் அளப்பதில் யாருக்கும் ஆசை இருக்கவில்லை.

இருட்டியதும் தூரத்தில் மலை ஓரமாக விளக்குகளின் கோடு தெரிந்தது. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். டிசம்பர் போயா முதல் மே வெசாக் வரை நல்லதண்ணிப் பக்கத்துப் படிகளில் விளக்கெரியும். புத்தர் அடி என்பர், சிவன் அடி என்பர், ஆதாம் அடி என்பர். அடி ஒன்றே, ஏறுகிறவர் பலர்.

முதல் இரவு அக்கா லயத்துக்கு அந்தப் பெண்ணோடு போய்ப் படுத்தார். இரண்டாம் இரவு எங்களோடு படுத்தார், கூடாரத்து வாசலை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு. குளிர் உள்ளே வந்தது. ஒருவரும் மூடச் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கம்பளி, ரோர்ச், அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம். தண்ணீருக்குள் இறங்கவேண்டாம், கரை வழுக்கும், ஆழம் தெரியாது. 2025 நவம்பரில் திட்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்தது, மண்சரிவும் நிறைய. ஆகவே பாதை எப்படி என்று விசாரித்த பின்பே புறப்படுங்கள். மழைக்காலத்தில் சரிவுக்குக் கீழே கூடாரம் அடிக்கவே வேண்டாம். லயத்துப் பிள்ளைகளுக்கு இனிப்பைவிடக் கொப்பி, பென்சில் கொண்டுபோனால் நல்லது. நாங்கள் கொண்டுபோன பனங்கட்டி ஒரு நாளிலேயே முடிந்துவிட்டது.