அரிசி மூட்டையும் அச்சத்தின் விலையும்

2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. உடனே அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் சோனா மசூரிக்கு வரிசை. ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று அறிவிப்பு. சில இடங்களில் விலை இரட்டிப்பு.

அந்த மூட்டைகள் எல்லாம் தடைக்கு முன்பே கப்பலேறி வந்தவை. கடைக்காரர் கொடுத்த விலையும் மாறவில்லை, உள்ளே இருந்த அரிசியும் மாறவில்லை. அடுத்த சரக்கு வராது என்ற கவலையை ஓரளவு ஏற்கிறேன். ஆனால் இட்லிக்குப் போடும் புழுங்கல் அரிசி அந்தத் தடையில் இல்லவே இல்லை! (ஆகஸ்டில்தான் அதற்கு 20 சதவீத வரி வந்தது.) அதை விசாரிக்கக்கூடப் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை.

பத்து மூட்டை ஏற்றிப்போனவருக்கு இந்த விலையேற்றம் கூடுதல் செலவு, அவ்வளவுதான். ஒரே மூட்டைக்குக் காசு எண்ணிக்கொண்டு வந்த மாணவர் என்ன செய்திருப்பார்? அவர் பங்கையும் சேர்த்துத்தான் வாங்கி அடுக்கினார்கள்.