போத்தலில் என்ன இருக்கு, தங்கச்சி?

அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மாதிரி சுருட்டை முடி. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன்பே அம்மா என்னை எழுப்பி உட்கார வைப்பார். தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து இரட்டைச் சடை பின்னிவிட்டுத்தான் பால்மரம் வெட்டப் போவார். சிக்கெடுக்கும்போது நான் அழுதால், "சுருட்டை முடி சோறு போடும்டி" என்று சமாதானம் சொல்வார்.

அந்தச் சமாதானம் பள்ளியில் எடுபடவில்லை. வேலைக்குப் போன பிறகும் எடுபடவில்லை. சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. காலையில் வாரி முடித்த தலை, பத்து மணிக்கெல்லாம் மழையில் நனைந்த தும்பு மாதிரி எழுந்து நிற்கும். சித்தி மகளின் கல்யாணம் வந்தபோது முடிவெடுத்துவிட்டேன். 350 வெள்ளி கொடுத்து 'கெரட்டின் ஸ்மூத்திங்' செய்துகொள்வது என்று.

சலூனில் எனக்குச் செய்துவிட்ட பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பேச்சுக் கொடுத்தபோது, எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தது. உடனே 'அக்கா' ஆகிவிட்டேன். தலையை அலசி, மருந்தைத் தூரிகையால் தடவி, உலர்த்தி, பிறகு சூட்டுப் பட்டையால் இழை இழையாக இழுக்க ஆரம்பித்தாள். அந்தப் பட்டையின் சூடு 230 டிகிரி. முதல் இழையிலேயே வெள்ளைப் புகை எழுந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. ஏர்கோன் போட்ட அறை. கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தன.

"கதவைக் கொஞ்சம் திறக்கலாமா, தங்கச்சி?" என்றேன்.

"வெளிக்காத்து பட்டா மருந்து பிடிக்காதுன்னு முதலாளி சொல்லியிருக்காங்க அக்கா. ரெண்டு நிமிசத்துல பழகிடும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி இருமினாள். காகித முகக்கவசம் போட்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. "இன்னிக்கு நீங்க மூணாவது ஆள்" என்றாள்.

"போத்தல்ல என்ன இருக்கு?"

"ஃபார்மலின் இல்லாததுக்கா. போத்தல்லயே போட்டிருக்கு."

இரண்டரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தேன். பட்டு நூல் போல விழுந்த முடி. சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. கல்யாணத்தில் எல்லாரும் கேட்டார்கள். ஆனால் அன்று இரவு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா மூக்கைச் சுளித்தார். "என்னடி இது, பால் ஸ்டோர்ல கலக்குற ஆசிட் மாதிரி நெடி?"

ரப்பர் பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் கலப்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நெடியில் நின்றவர் அம்மா. ஃபார்மிக் அமிலமும் ஃபார்மால்டிஹைடும் ஒன்றல்ல. ஆனால் வேதியியலில் இரண்டும் நெருங்கிய சொந்தம். அம்மா சொன்னது மனத்தை உறுத்த, அதன் பிறகுதான் நான் படிக்க உட்கார்ந்தேன். 350 வெள்ளி கொடுக்கும் முன் படித்திருக்க வேண்டியது அது.

இந்த மருந்துகள் பலவற்றில் வேலை செய்வது கெரட்டின் அல்ல. முடியின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, நேராக நிற்க வைப்பது ஃபார்மால்டிஹைடு. அதைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். பிணத்தைக் கெடாமல் வைக்கப் பயன்படும் அதே பொருள். சூடு பட்டால் அது வாயுவாக வெளியே வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது.

'இல்லை' என்று போத்தலில் எழுதியிருந்தால் இல்லை என்று ஆகிவிடாது. 2010-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சலூன் பெண்களுக்குக் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் வந்தன. மாநிலத் தொழில் பாதுகாப்பு அதிகாரிகள் 'பிரேசிலியன் புளோஅவுட்' என்ற மருந்தைச் சோதித்தார்கள். 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று எழுதிய போத்தலில் 8 விழுக்காட்டுக்கும் மேல் அது இருந்தது. தண்ணீரோடு சேர்ந்தால் அதற்கு 'மெத்திலின் கிளைக்கால்' என்று வேறு பெயர். பெயர் மாறியது, பொருள் மாறவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. 1998 கடைசியிலும் 1999 தொடக்கத்திலும் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். அப்போது நான் சிறு பிள்ளை. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. பன்றிகளிடமிருந்து தொற்றும் புதிய கிருமி அது என்று 1999 மார்ச்சில்தான் தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு 'நிப்பா' என்று பெயர் வைத்தார்கள். அந்த நோயால் நாட்டில் நூறு உயிருக்கு மேல் போய்விட்டது. அந்தக் கொடுமையோடு முடி விஷயத்தை ஒப்பிடவில்லை. ஆனால் தவறான பெயரை நம்பினால் தவறான காவலைத்தான் போட்டுக்கொள்வோம் என்பதை எங்கள் ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. வாயுவுக்கு முன்னால் காகித முகக்கவசமும் அப்படிப்பட்ட காவல்தான். அது தூசியைத் தடுக்கும். வாயுவைத் தடுக்காது.

சரி, உண்மையிலேயே ஃபார்மால்டிஹைடு இல்லாத மருந்து என்றால்? அவற்றில் பலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் சேர்க்கிறார்கள். 2024-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் ஒரு 26 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். 2020, 2021, 2022 என்று மூன்று முறை முடியை நேராக்கினார். மூன்று முறையும் அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. தடவிய களிம்பில் கிளையாக்ஸிலிக் அமிலம் 10 விழுக்காடு. மருந்து தடவும்போது உச்சந்தலை எரிந்திருக்கிறது. தோல் வழியே உள்ளே போன அமிலம் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்களாகப் படிகிறது என்பதை எலிகளில் செய்த சோதனை காட்டியது. இஸ்ரேலிலும் இப்படிப் பல பெண்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

பயந்து யாரும் தலையில் கை வைக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆசை இருந்தது, நானே செய்துகொண்டேன். ஆனால் இனி செய்துகொள்கிறவர்கள் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் போத்தலை வாங்கிப் பாருங்கள். உட்பொருள் பட்டியலே இல்லாத போத்தல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நம் நாட்டில் அழகுப் பொருள்களை விற்பதற்கு முன் என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் பதிய வேண்டும். அதன் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பதிந்திருப்பதால் மட்டும் அதை அரசாங்கம் சோதித்துவிட்டது என்று ஆகாது. ஆனால் பதியாத பொருளைத் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தள்ளிப் போடுவது நல்லது. தலையில் புண், சொறி இருந்தாலும் அப்படித்தான். மருந்து வேரிலும் தோலிலும் படாமல், சற்று இடம் விட்டுத் தடவச் சொல்லுங்கள். உச்சந்தலை எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே அலசச் சொல்லுங்கள். காற்றோட்டம் இருக்கிறதா, புகையை வெளியே இழுக்கும் மின்விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். செய்த பிறகு ஓரிரு நாளில் வாந்தி, இடுப்பு வலி, சிறுநீர் குறைவது போன்றவை வந்தால் காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போய், தலைக்கு மருந்து போட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் மருத்துவர் அதை நினைக்க வழியில்லை.

பராமரிப்பு என்று கேட்டால், எப்போது அலசலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். இரண்டு மூன்று நாள் நனைக்காமல், இறுக்கிக் கட்டாமல் வைக்கச் சொல்வது வழக்கம். அதன் பிறகு சல்ஃபேட் இல்லாத ஷாம்பு. போர்ட்டிக்சன் கடலில் குளித்தால் உப்புநீர் பூச்சைச் சீக்கிரம் கரைத்துவிடும். சில மாதத்தில் வேரிலிருந்து சுருட்டை எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்ததும் மறுபடி ஓட வேண்டாம். அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல ஆண்டு கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முடி நேராக்கும் மருந்தை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் போட்டவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது என்கிறது அது. மருந்துதான் காரணம் என்று அது முடிவுகட்டவில்லை. ஆனால் அடிக்கடி போடாமல் இருக்க அதுவே எனக்குப் போதும்.

போன மாதம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அந்தத் தங்கச்சியைப் பார்த்தேன். படித்ததை எல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டாள்.

"நான் சொன்னா, வேலை பிடிக்கலையான்னு கேப்பாங்க அக்கா. வாடிக்கையாளர் சொன்னாத்தான் முதலாளி காதுல விழும்."

நான் அந்தப் புகையில் இருந்தது இரண்டரை மணி நேரம். அவள் இருப்பது நாள் முழுக்க, வாரத்துக்கு ஆறு நாள். அடுத்த வாரம் அந்தச் சலூனுக்குப் போனேன், நுனி வெட்டிக்கொள்ள மட்டும். காசு கொடுக்கும்போது முதலாளியம்மாவிடம் கேட்டேன், "இந்த மருந்தில் என்ன சேர்த்திருக்கிறார்கள்? பின்கதவைத் திறந்து வைக்கலாமே?" அவர் முகம் மாறியது. பதில் சொல்லவில்லை. இன்னும் நாலு பேர் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் முடி வேரில் மறுபடி சுருள ஆரம்பித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.