பாதரசம் வளர்த்த ஊர்

ஸ்லோவேனியாவின் மேற்கே, காடு அடர்ந்த மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதுபோல் அமைந்திருக்கிறது இட்ரியா. தலைநகர் லுப்லியானாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இந்தச் சின்ன ஊருக்கு அடியில் 700 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள் தோண்டப்பட்டன என்றால் நம்ப முடிகிறதா?

1490இல் மரத்தொட்டி செய்யும் ஒருவர், தாம் செய்த தொட்டியை ஓடையில் ஊறவைத்தாராம். எடுக்கப் போனால் தூக்க முடியவில்லை. அடியில் வெள்ளிபோல் மின்னும் திரவம்! அதுதான் பாதரசம்; ஒரு லிட்டரே 13.5 கிலோ எடை. அப்போது தொடங்கிய சுரங்கம் சுமார் 500 ஆண்டுகள் இயங்கியது. ஸ்பெயினின் அல்மாதேனுக்கு அடுத்து, உலகின் இரண்டாவது பெரிய பாதரசச் சுரங்கம் இதுவே. 2012இல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தது.

1500இல் தோண்டப்பட்ட அந்தோணியார் சுரங்கத்துக்குள் இன்று சுற்றுப்பயணிகள் தலைக்கவசம் அணிந்து போய்வரலாம். பாறையில் பாதரசத் துளிகள் மின்னுவதையும் பார்க்கலாம். சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்து ‘ஸ்ரெச்னோ’. நல்லபடியாகப் போய் வா என்ற பொருளில் சொல்வது.

அந்த வாழ்த்துக்குக் காரணம் இருந்தது. பாதரச ஆவி நரம்புகளைத் தாக்கும், கைகால் நடுங்கும். 1754இல் இங்கு மருத்துவராக வந்த ஸ்கோப்போலி, தொழிலாளர்களின் இந்த நோயைப் பற்றி நூலே எழுதினார்.

கணவரின் கூலி போதாத வீடுகளில் பெண்கள் லேஸ் பின்னினார்கள். திண்டின்மேல் சிறு மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் கலை அது. 1876இல் தொடங்கிய லேஸ் பள்ளியில் இன்றும் பிள்ளைகள் கற்கிறார்கள்.

பசித்தால் ‘ஜ்லிக்ரோஃபி’ சாப்பிட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், பன்றிக் கொழுப்பு வைத்துத் தொப்பி வடிவில் மடித்த கொழுக்கட்டை. பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

1970களில் பாதரச விலை சரிந்தது; நச்சு பற்றிய அச்சமும் வளர்ந்தது. 1990களில் உற்பத்தி நின்றுபோனது. ஊர் மண்ணுக்குள் இறங்கிவிடாமல் இருக்கச் சுரங்கத்தின் பல பகுதிகளை நிரப்பினார்கள். ஆனால் ஆற்று வண்டலில் கலந்த பாதரசம் இன்னும் மழை வெள்ளத்தோடு ட்ரியெஸ்ட் வளைகுடா வரை போகிறது. சுரங்கத்தை மூடியாகிவிட்டது, அது விட்டுச்சென்ற கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.