நாலு பேர் முன்னால்

போலீஸ்காரன் பிள்ளை திருடன், வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஒரு சொலவடை உண்டு. பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருப்பவனுக்கு அதைச் சிரித்துக் கடப்பது கஷ்டம். தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம் உள்ள ஊர். டீக்கடையில் நின்றால் என் பழைய மாணவன் டீ ஆற்றுவான்; பஸ்ஸில் ஏறினால் இன்னொருவன் டிக்கெட் கிழிப்பான். என் மகன் எங்கே போனாலும், “சாரோட பையன்தானே?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

அவன் மக்கு இல்லை. கணக்கில் என்னைவிடக் கெட்டி. எனக்கு இருந்த பயம் வேறு. “வாத்தியார் பையன்தான், ஆனா மரியாதை தெரியாது” என்று ஒரு பெயர் வந்துவிடக் கூடாது. அவனுக்கு மீசை அரும்பத் தொடங்கியதிலிருந்து இந்த ஒரு பயத்தை வைத்துத்தான் அவனை வளர்த்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேசை டிராயரில் பிரம்பு இருந்தது. பிறகு 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. குழந்தையை அடிக்கக் கூடாது, மனதளவில் துன்புறுத்தவும் கூடாது என்றது அதன் 17-வது பிரிவு. ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரும் புலம்பினோம், நான் கொஞ்சம் கூடுதலாக. பிரம்பைப் போட்டுவிட்டேன். ஆனால் அந்தச் சட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தானே? பகலெல்லாம் அடக்கி வைத்திருந்ததைச் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அடி குறைவுதான். என் வாயே போதும். ஒரு வகுப்பு முழுவதையும் அடக்கிப் பழகிய குரலை ஒற்றைப் பிள்ளை மேல் இறக்கினால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அவன் மாறினான். காதோரம் இரண்டு பக்கமும் ஒட்ட வழித்து, உச்சியில் மட்டும் ஒரு கூடை முடி. அறைக் கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கும். எதைக் கேட்டாலும் “ம்”. ராத்திரி பன்னிரண்டானாலும் தூக்கம் வராது. விடிந்தால் எழுந்திருக்க மாட்டான். நான் ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புவேன். அந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாதமி 2014-லேயே, இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காலை எட்டரைக்கு முன் பள்ளி தொடங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. எனக்கு அது வெறும் சோம்பேறித்தனமாகப் பட்டது. என் அப்பா என்னை நாலரைக்கே எழுப்பியவர். புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நான் தூங்கி விழுந்தது மட்டும் வசதியாக மறந்துபோயிருந்தது.

அந்த வருஷம் அண்ணன் புது வீடு கட்டிக் குடிபுகுந்தான். வாசலில் வாழைமரம், ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தபந்தம் முழுக்க. மகன் தாமதமாக வந்தான், அதே முடியோடு. “எலே, பெரியப்பா கால்ல விழுந்து கும்பிடுல” என்றேன். அவன் ஒரு நொடி நின்றான். பிறகு இரண்டு கையையும் கூப்பி, “வணக்கம் பெரியப்பா, வீடு நல்லாருக்கு” என்றான். அண்ணனுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. அவன் தோளில் தட்டிவிட்டுப் பந்திப் பக்கம் திரும்பினான். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். “வாத்தியார் வீட்டுப் பிள்ளைய பாருங்க!”

அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். பிடரியில் கைவைத்து அவனைக் கீழே அழுத்தினேன். மூக்குக்கண்ணாடி கழன்று டைல்ஸில் விழுந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காக ஓர் அறை. அவன் எதுவும் பேசவில்லை. குனிந்து கண்ணாடியை எடுத்தான். சட்டை நுனியில் ஒரு கண்ணைத் துடைத்தான், பிறகு இன்னொன்றை. மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனான்.

பந்தியில் எனக்கு இரண்டாவது தடவையும் பாயசம் ஊற்றினார்கள். “சார் ரொம்பக் கண்டிப்பு” என்று எதிர் இலையில் ஒருவர் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்க நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு மகன் மாறிவிட்டான் என்றே நினைத்தேன். முடியைக் குறைத்தான். உறவினர் வந்தால் எழுந்து நின்றான். “சரிப்பா”, “ஆமாப்பா”, “இல்லப்பா”. சண்டை இல்லை, முறைப்பு இல்லை. ஓய்வறையில் சக ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொன்னேன்: ஒரே ஒரு தடவை சரியான நேரத்தில் போட்டேன், பையன் வழிக்கு வந்துவிட்டான் என்று. மனைவி மட்டும், “அவன் உங்ககிட்ட பேசுறதே இல்லையேங்க” என்றாள். பேசுகிறானே, எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான் என்றேன்.

இங்கே பைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஸ்பிளெண்டர் ஒன்று. சாவி காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். பால் வாங்க, அரிசி மாவு அரைக்க, அம்மாவை பஸ் ஸ்டாண்டில் விட அவனைத்தான் அனுப்புவேன். பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் சாலைப் பாதுகாப்பு பற்றி இறைவணக்கக் கூட்டத்தில் பேசுகிறவனும் நான்தான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவை மைக்கில் விளக்குவேன். பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் குற்றவாளி பெற்றோரும்தான். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பிள்ளைகள் கைதட்டுவார்கள். பேசி முடித்து வீட்டுக்கு வந்து, “எலே, பால் தீந்துட்டு, ஒரு எட்டு போயிட்டு வா” என்பேன்.

ஒருநாள் கேட்காமல் வண்டியை எடுத்துப் போய்விட்டான். வந்ததும் கத்தினேன்: லைசென்ஸ் இல்லாமல் எப்படி எடுக்கலாம்? அவன் குரலை உயர்த்தாமல் கேட்டான்: “நீங்க பால் வாங்க அனுப்பினா லைசென்ஸ் வேண்டாம். நானா எடுத்தா வேணுமாப்பா?”

“எதிர்த்துப் பேசாத” என்றேன். கேள்விக்கு என்னிடம் பதில் இல்லையென்றால் அதைக் கேட்டதே குற்றம். இந்த வித்தை வாத்தியார்களுக்குச் சீக்கிரம் கைவந்துவிடுகிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் இடது இண்டிகேட்டர் கண்ணில் பட்டது. மற்ற மூன்றும் வெயிலில் வெளுத்து ஆறிப்போன டீ நிறத்தில் இருக்க, இது மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு. துணியோடு உட்கார்ந்து பார்த்தேன். இடது ஃபுட்ரெஸ்ட் ரப்பர் புதிது. கியர் லீவர் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தது. சுத்தியல் பட்ட இடம் இன்னும் மினுங்கியது. சைலன்சர் பக்கம் ஒன்றுமில்லை. ஆக, வண்டி இடது பக்கமாகத்தான் விழுந்திருக்கிறது. கணக்கு வாத்தியார் இல்லையா, இதெல்லாம் உடனே பிடிபட்டுவிடும். முதலில் வந்தது கோபம்தான். பொய் சொல்லியிருக்கிறான். கழுவியது பாதி, கழுவாதது பாதியாக வண்டியை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டையில் எங்கள் மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“கோவப்படாம கேப்பீங்கன்னா சொல்லுதேன் சார். ரெண்டு கூட்டாளிகள பின்னால வச்சிட்டு பைபாஸ்ல வந்திருக்கான். மணல்ல சறுக்கிட்டு. மத்தவனுகளுக்கு ஒண்ணுமில்ல. இவனுக்குத்தான் முழங்கையில சதை பேந்துட்டு. நாந்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி டி.டி. ஊசி போட்டுக் கட்டுக் கட்டிக் கூட்டியாந்தேன்.”

“எப்ப?”

“சித்திரையில சார். நல்ல வெயில்.”

சித்திரை. எனக்கு அந்த வெயில் ஞாபகம் வந்தது. திருநெல்வேலிச் சித்திரையில் மனிதன் பனியனையே பாரமாக நினைப்பான். அந்த நாட்களில் மகன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, மணிக்கட்டில் பொத்தானையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினான். சாப்பிடும்போதும் மடித்துவிடவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, “இப்பத்தான்ல டீசன்டா இருக்க” என்று சொன்னேன். அவன் “சரிப்பா” என்றான். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். துணிக்குள் அந்த முழங்கை எப்படி எரிந்திருக்கும்? காயம் சட்டையில் ஒட்டியிருக்கும். ராத்திரி பிய்த்து எடுத்திருப்பான். பக்கத்து அறையில்தான் நான் படுத்திருந்தேன்.

மெக்கானிக் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். “அப்பாட்ட சொல்லுடே, திட்டினாலும் துட்டு குடுப்பாருன்னுதான் நானும் சொன்னேன். திட்டினா பரவால்லண்ணே, நாலு பேர கூப்பிட்டு வச்சு திட்டுவாருன்னான்.”

எவ்வளவு ஆயிற்று என்று பர்ஸை எடுத்தேன். “வேண்டாம் சார். ஞாயித்துக்கிழமைல வந்து ஏர் ஃபில்டர் துடைச்சுக் குடுத்தான். அவன் கணக்கு முடிஞ்சிட்டு.” அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் டியூஷன் போவதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் புத்தி, உடனே படிக்க உட்கார்ந்தேன். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு; தனியாக ஆடும்போதும் நண்பர்கள் கூட இருக்கும்போதும் எவ்வளவு துணிகிறார்கள் என்று பார்த்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் இருந்தால் ஆபத்தைக் கண்டுகொள்ளாமல் அதிகம் துணிந்தார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த வித்தியாசம் அநேகமாக இல்லை. படித்ததும் பைபாஸில் பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு என் மகன் ஏன் முறுக்கினான் என்று புரிந்தது. வளர்ந்தவர்களைப் பற்றிய பகுதிதான் இடித்தது. அந்த ஆய்வுக்கு என்னையும் கூப்பிட்டிருக்க வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது அவன் முடியைப் பற்றி முணுமுணுப்பதோடு விட்டுவிடுகிறவன், நாற்காலிகளில் ஆள் உட்கார்ந்ததும் அவன் பிடரியைப் பிடித்தேன். வயது நாற்பத்தேழு.

சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் அலமாரியில் வைத்தேன். பாலுக்கு நானே நடந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று மெக்கானிக் அவனிடம் சொல்லியிருப்பார். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியே சில வாரம் ஓடியது. ஒரு ராத்திரி மொட்டைமாடியில் அவன் தனியாக இருந்தபோது போய்ச் சொன்னேன். எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். “பெரியப்பா வீட்ல அன்னைக்கு நான் செஞ்சது தப்புடே.”

கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: “அன்னைக்கு அத்தன பேர் இருந்தாங்கப்பா. இன்னைக்கு நீங்களும் நானும்தான் இருக்கோம்.”

பிறகு, தூக்கம் வருகிறது என்று கீழே போய்விட்டான். அவனுக்கு எப்போது அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்திருக்கிறது?

அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. அதே சொந்தபந்தம். மகன் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் அண்ணன் பக்கத்து இலையில். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: “அண்ணே, உங்க வீட்டு விசேஷத்துல இவன் ஒழுங்காத்தான் கும்பிட்டான். நான்தான் தேவையில்லாம கைய நீட்டிட்டேன்.”

“அத ஏம்ல இப்ப எடுக்க? சாப்பிடு” என்றான் அண்ணன். அந்தப் பக்கத்தில் ஒருவர், “என்னவாம்?” என்று கேட்க, “சாருக்கு என்னமோ” என்று இன்னொருவர் பதில் சொன்னார். சாம்பார் வந்தது, பேச்சு வேறெங்கோ போயிற்று. மகன் என் தம்ளரை நிறைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தான். அவன் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடித்தபோதும் நாலு பேர் பார்க்க வேண்டியிருந்தது, தப்பை ஒப்புக்கொண்டபோதும் பார்க்க வேண்டியிருந்திருக்கிறது.

இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான். முன்னைவிடப் பேசுகிறான். கிரிக்கெட், அரசியல், என் ரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றைப் பற்றியும் பேசுவான். சில சமயம் எதிர்த்தும் பேசுகிறான். அப்போதெல்லாம் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். ஆனால் அவனுக்கு ஒரு சிக்கல் என்றால் முதல் போன் இன்னமும் வண்ணார்பேட்டைக்குத்தான் போகிறது. எனக்கு அது இரண்டாவதாக வந்து சேரும், பல நேரம் வராது. பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். வாங்கி, லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டக் கூப்பிட்ட நாளில் மெக்கானிக் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார். வண்டியை அவர்தான் ஓட்டினார், இவன் பின்னால் உட்கார்ந்துகொண்டான். மூன்றாவது ஆளாக ஏறினால் ட்ரிபிள்ஸ் ஆகிவிடும் என்று நான் ஓர் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன்.