நாடாத் தடம்

வாட்ஸ்அப்பில் அந்தப் பட்டியல் வந்தபோது நான் செமஸ்டர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அனுப்பியவள் என் பழைய மாணவி. இளங்கலைத் தமிழ் படித்துவிட்டுப் புகைப்படக்காரி ஆனவள். கோவையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். "மேம், இதெல்லாம் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று தொடங்கி, படம் எடுக்கும் நாளுக்குத் தோலைத் தயார் செய்வது எப்படி என்று வரிசையாகக் குறிப்புகள்.

இரண்டு வாரத்துக்குள் புதிய கிரீம் எதையும் தொடக் கூடாது. வேக்ஸிங் செய்வதானால் இரண்டு மூன்று நாள் முன்பே செய்துவிட வேண்டும். குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். முழங்கை, முழங்கால், குதிகாலை மறக்கக் கூடாது. அன்றைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், ஃபிளாஷ் வெளிச்சத்தில் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். கடைசிக் குறிப்பு: காலையிலிருந்தே இறுக்கமான உள்ளாடை, எலாஸ்டிக், நாடா எதுவும் கூடாது, தொளதொளவென்று நைட்டியில் வரவும், தோலில் பதிந்த தடம் மறையச் சில மணி நேரம் ஆகும்.

சில மணி நேரமா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த வகைப் படத்துக்கு பூடுவார் என்று பெயர். பிரெஞ்சுச் சொல். பெண் தனக்கென்று வைத்துக்கொள்ளும் உள்ளறை. அதன் வேர்ச்சொல்லுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று பொருள். ஊடுவதற்கென்றே ஓர் அறை! வள்ளுவர் ஊடலுக்கு மூன்று அதிகாரம் கொடுத்தார், அறை கொடுக்கவில்லை. நம் வீடுகளில் கோபித்துக்கொண்டு போகிறவளுக்கு அடுக்களையை விட்டால் குளியலறைதான்.

எனக்கு நாற்பத்தாறு வயது. கர்ப்பப்பையை எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன்னும் பின்னுமாக என் உடம்பு எத்தனையோ முறை படமெடுக்கப்பட்டது. எல்லாம் கறுப்பு வெள்ளை ஸ்கேன்கள், எல்லாம் ஃபைலில் இருக்கின்றன. ஃபைலுக்குப் போகாத ஒரு படம் வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை.

படத்துக்காக என் தோலைத் தயார் செய்தது இதற்கு முன் ஒரே ஒரு தடவை. 2000இல், ஜாதகத்தோடு அனுப்பும் போட்டோவுக்காக. அம்மா பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் தயிரும் குழைத்து ஒரு மாதம் தினமும் தேய்த்தாள். புறங்கழுத்தில்தான் அதிகம் தேய்ப்பாள். எரிகிறது என்றால், "பொறுத்துக்கோ கண்ணு, கொஞ்சம் வெளுத்தாப் போதும்" என்பாள். ஸ்டுடியோவுக்கும் கூடவே வந்தாள். "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்க" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பவுடர் டப்பாவை நீட்டினாள். அவர் இரண்டு விளக்கையும் நேராக என் முகத்துக்குத் திருப்பினார். வந்த படத்தில் என் மூக்கே காணாமல் போயிருந்தது. அந்தப் படம் ஆறு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கும் அவளுடைய அம்மா தேய்த்திருப்பாள்.

இனி வெட்கக்கேடு. படம் எடுப்பதற்கு மூன்று நாள் முன்னால், நிற அரசியல் பற்றி முதுகலை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசும் இந்தப் பெண், கடையில் ஒரு பிளீச் பாக்கெட் வாங்கி வந்து கழுத்திலும் மார்பிலும் பூசிக்கொண்டாள். பட்டியலின் முதல் குறிப்பே அதைத்தான் தடுத்தது. காலையில் கழுத்தெல்லாம் சிவந்து தடித்துப் போயிருந்தது. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏன் மேம்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். வகுப்பில் நான் அவளிடம் கேட்ட கேள்விகளில் எதற்கும் அவள் அப்படி விழித்ததில்லை, நான் அன்றைக்கு விழித்தேன்.

பத்து நாள் தள்ளிப் போட்டோம். தோல் மருத்துவரிடம் போனேன். கழுத்தைப் பார்த்துவிட்டு, "வேற எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார். இடுப்பைக் காட்டினேன். இருபத்தைந்து வருடமாகப் பாவாடை நாடா இறுகிய இடம். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்து, தடித்து, கோடையில் வியர்வையில் அரித்துச் செதில் உரியும். கல்லூரியில் ஐந்து மணி நேரம் நின்று பாடம் நடத்த வேண்டும், கொசுவம் நழுவக் கூடாது என்று மூச்சைப் பிடித்து முடிச்சுப் போட்டுப் போட்டு வந்தது. என் அம்மாவுக்கு இருந்தது, பெரியம்மாவுக்கு இருந்தது. அது ஒரு குறை என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

மருத்துவர் சிரிக்கவில்லை. 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்ததைச் சொன்னார்: பல பத்தாண்டுகள் இடுப்பில் இறுக்கிப் புடவை கட்டிய இரண்டு வயதான பெண்கள், இடுப்பில் ஆறாத புண், சோதித்தால் தோல் புற்றுநோய். அபூர்வம்தான், பயப்பட வேண்டாம் என்றார். நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், அகலப் பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள், புண் ஆகி ஆறாமல் இருந்தால் தள்ளிப் போடாமல் வாருங்கள். என் கழுத்து வெளுக்க வேண்டும் என்று ஒரு மாதம் தேய்த்த வீட்டில், இடுப்புக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக்கொள் என்று ஒருவரும் சொன்னதில்லை. புடவை மறைக்கும் இடம்தானே.

மாமை என்றால் மாந்தளிர் நிறம் என்று நான் வகுப்பில் சொல்லும்போது சில மாணவிகள் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். பசலை வந்து அந்த மாமையைத் தின்றுவிடும் என்பதுதான் தலைவியின் புலம்பல். வெளுப்பதுதான் அங்கே நோய். நற்றிணையில் பிள்ளை பெற்றவளின் உடம்பில் திதலை வரியோடிக் கிடக்கிறது, அதை அழகென்றே பாடியிருக்கிறார்கள். தேமல் என்று உரை சொல்கிறது. பிரசவக் கோடாகவும் இருக்கலாமோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். தேர்வில் எழுதினால் மதிப்பெண் போட மாட்டேன்.

அன்றைக்கு நைட்டியில்தான் போனேன். முதலில் ஒரு தாளில் கையெழுத்து: படங்கள் என்னிடம் மட்டுமே, அவளிடம் பிரதி இருக்காது, எங்கும் போட மாட்டாள். படம் எடுக்கச் சம்மதித்தவள் பரப்பச் சம்மதிக்கவில்லையென்றால் பரப்புவது சட்டப்படி குற்றம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைப்போல வேலையில் இருக்கும் பெண்கள் இதைக் கேட்டு வாங்காமல் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றக் கூடாது.

ஜன்னல் வெளிச்சம் போதும் என்றாள். வெள்ளைப் போர்வை, பழைய ஜமக்காளம். முதல் அரை மணி நேரம் நான் வயிற்றை உள்ளே இழுத்தபடியே இருந்தேன். பிறகு அவள் தன் முதுகலை நுழைவுத் தேர்வில் தோற்ற கதையைச் சொன்னாள். இழுத்துப் பிடிக்க மறந்துவிட்டேன்.

நாற்பது படம் தேறியது. ஒன்றில் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பைச் சுற்றி அந்தக் கோடு, யாரோ மையால் போட்டதுபோல. "மேம், இத எடுத்துரலாமா? ரெண்டு நிமிஷம்தான்" என்றாள், சுட்டியை அதன் மேல் வைத்துக்கொண்டு.

"இருக்கட்டும்" என்றேன். "மோவாயில அந்த முடி இருக்கு பாரு, அத வேணா எடுத்துடு."

பென்டிரைவ் இப்போது பீரோவில் இருக்கிறது, ஸ்கேன் ஃபைலுக்கு அடியில், அந்தப் பழைய ஜாதகப் போட்டோ வைத்த உறைக்குள்.