கல்யாணக் கணக்கு

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (கணிதம்) மாணவி ஒருத்தி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியோர். வீடு கட்டும் வசதி எங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. கல்யாணம் மட்டும் வந்துவிட்டது. வருகிற வைகாசியில் என் அக்காளுக்குத் திருமணம். இருப்பதோ மூன்றே மாதங்கள்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, நண்பர்களே, மண்டப வாடகை முதல் மளிகைச் சாமான் வரை பட்டியல் எழுதும் உத்தியோகம் எனக்கே கிடைத்தது. அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். எத்தனை மூட்டை, எவ்வளவு கூலி என்று மனத்திலேயே கூட்டிவிடுவார், எழுதிப் பழக்கமில்லை. "நீ எழுதும்மா, நான் சொல்றேன்" என்று அவர் சொல்லச் சொல்ல, 40 பக்க நோட்டில் பாதி நிறைந்துவிட்டது.

திருமண வேலைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதை எழுதும்போதுதான் கண்டேன். ஒன்று முடியாமல் மற்றொன்று நகராது. முகூர்த்த நாள் உறுதியானால்தான் மண்டபம். மண்டபம் கிடைத்தால்தான் பத்திரிகை. பத்திரிகை எத்தனை என்று தெரிந்தால்தான் சமையல்காரர் இலைக்கணக்குச் சொல்வார். இலைக்கணக்கு வந்தால்தான் அரிசியும் பருப்பும். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. பத்திரிகை வைக்கும் வாரமும் எங்கள் பருவத் தேர்வும் ஒன்றாக வருவது தனிக்கதை!

இந்தக் கணக்கில் விடை காண முடியாத சமன்பாடு ஒன்றும் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தாம். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க" என்றார்கள். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால், "போடறதைப் போடுங்க" என்ற சொல்லுக்கு எத்தனை பவுன் என்று எந்தச் சட்டம் சொல்லும்? அப்பா ஐந்து என்றார். கையில் இருப்பது மூன்று. மீதி இரண்டு பவுன், அதாவது 16 கிராம், வட்டிக்கு வாங்கும் பணத்தில்தான் வரவேண்டும். "மொய் வந்ததும் அடைச்சிடலாம் மச்சான்" என்றார் மாமா.

பழைய மொய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அம்மா அப்பா கல்யாணத்தில் யாரோ எழுதிக் கொடுத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் புத்தகம் அதுதான். திருப்பிச் செய்யச் செய்ய ஒவ்வொரு தொகையும் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. மொய் வரவல்ல, வட்டியில்லாக் கடன். ஒரு கடனை மற்றொரு கடனால் அடைத்தால் மிச்சம் பூஜ்யமாகாது என்று மாமாவிடம் சொன்னேன். "படிச்ச பிள்ளை பேசுது" என்று சிரித்தார்.

அம்மாவுக்கு வேறோர் ஏக்கம். 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில், பிற்காலத்தில் தாலிக்கு 8 கிராம் தங்கமும் கொடுத்தார்கள். 2022-இல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண் என்பதால் எனக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. அக்காளுக்குத் தங்கமும் இல்லை, கல்லூரியும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவள் நூற்பாலைக்குப் போனாள். ஐந்து ஆண்டுகள்! அந்த மூன்று பவுனும் அவள் இரவு ஷிப்டில் நின்று சேர்த்தது. என் முதலாண்டுப் புத்தகங்களும் அங்கிருந்துதான் வந்தன. ஒருநாள் இரவு நோட்டை வாங்கி, நான் ‘கட்டாயம்’, ‘ஊருக்காக’ என்று பிரித்திருந்த இரண்டு பட்டியல்களையும் படித்தாள். பேனாவை எடுத்து டிரோன் கேமராவை அடித்தாள். கடன் வாங்க இருந்த இரண்டு பவுனையும் அடித்தாள்.

"மூணு பவுன் போதும்ப்பா. மில்லுல நின்ன காலு இது. வட்டி கட்டுறதுக்கு இன்னொரு தடவை நிக்க முடியாது. அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். பிறகு ‘கட்டாயம்’ பட்டியலின் அடியில் தன் கையாலேயே ஒரு வரி எழுதினாள்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. "என்ன எழுதியிருக்கா, படி" என்றார்.

‘தங்கச்சி மூன்றாம் வருஷப் படிப்புச் செலவு’ என்று படித்தேன்.

"இருக்கட்டும்" என்றார்.

அக்கா தொலைபேசியில் பேசிவிட்டாள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றிருக்கிறார் மாப்பிள்ளை. இதை எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை. வேலைகள் நிற்கவில்லை. பட்டியலின் இறுதியில் நானும் ஒன்று சேர்த்திருக்கிறேன்: 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்யவேண்டும்.

தோழியரே! தோழர்களே! முதல் பட்டதாரி என்றால் நாளை உங்கள் வீட்டிலும் நோட்டும் பேனாவும் உங்கள் கைக்கே வரும். செலவை எழுதுங்கள். அந்தப் பணம் யார் நின்று சேர்த்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான் எதை அடிக்கவேண்டும், எதை வைக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கும்.